கல்பாசி வைத்திருக்கும் கணக்கு

சாரல் பிடித்து நான்காம் நாள். ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் பின்வாசலைத் திறந்தால் மாமரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து துவைகல் மேல் கிடந்தது. பட்டை முழுக்கச் சாம்பல் பச்சையில் செதில் செதிலாக ஒரு படர்த்தி, அப்பளத்தைப் பிய்த்து ஒட்டிவைத்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை பிளஸ் ஒன் படிக்கிறாள். மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “ஆச்சி, மரத்துக்குச் சொறி பிடிச்சிருக்கு பாத்தீங்களா?” என்றாள்.

“சொறி இல்லட்டி. இது கல்பாசி ஜாதி. ஞாயித்துக்கிழமை உங்க அம்மா பிரியாணிக்குப் போட்டால்லா, அதுக்கு இது சித்தப்பா மகன்.”

அவள் நம்பவில்லை. அடுக்களையிலிருந்து மசாலா டப்பாவை எடுத்துவந்து ஒரு சுருளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, ஓரமெல்லாம் சுருண்டு, தூக்கினால் கனமே தெரியாது. மாங்கிளையில் இருந்ததையும் கொஞ்சம் பெயர்த்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தாள்.

கல்பாசி செடி இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற உயிர். அதற்கு வேர் கிடையாது. மண்ணிலிருந்து எதையும் எடுப்பதில்லை. மழை, பனி, மூடுபனி, காற்று எது கொண்டுவந்து போட்டாலும் அதையே உண்டு வாழ்கிறது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காற்றில் வந்த உலோகத் துகள் அதன் உடம்புக்குள் போய்விட்டால் சுலபத்தில் வெளியேறாது. ஆகவே ஓர் ஊரின் காற்றில் என்னென்ன இருந்தது என்பதற்கு அந்த ஊர்க் கல்பாசியே பேரேடு. அந்தப் பேரேட்டைப் படிக்க ஒளி வேண்டும். அந்த ஒளியோடுதான் என் வேலைக்காலம் போனது.

குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மேலகரத்தில் வீட்டோடு இருக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். சீசனில் ராத்திரி பகல் வண்டிகள் ஓயாது. ஆட்டோக்காரத் தம்பியிலிருந்து மளிகைக்கடை அண்ணாச்சி வரை என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி: “யக்கா, அருவித் தண்ணி இப்ப சுத்தமா இருக்கா?”

நான் திருப்பிக் கேட்பேன்: எதோடு ஒப்பிட்டுச் சொல்ல?

இந்தத் திருப்பிக் கேட்டலின் அருமை எனக்குப் புரிந்தது கொடைக்கானல் கதையைப் படித்தபோதுதான். அதுவும் நம்மைப் போல மலையூர். சாரலும் சோலையும் வெளியூர்க் கூட்டமும் உள்ள ஊர். 1980களில் அங்கே ஒரு தெர்மாமீட்டர் ஆலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து பாண்ட்ஸ் நிறுவனம் அமைத்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறுதான் இறங்கி வந்து பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸும் சேர்ந்து மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது.

குவிந்து கிடந்த கண்ணாடியைக் கண்ணால் பார்க்கலாம். காற்றில் போனதை எப்படிப் பார்ப்பது? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆலையைச் சுற்றி எத்தனை வருஷம் எவ்வளவு பரவியது என்று சொல்ல அங்கே எந்தக் கருவியும் நின்று பதிவுசெய்யவில்லை.

மரத்துப் பாசி பதிவுசெய்திருந்தது. ஐதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் பொருள்களில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. அங்கிருந்த பாலராம கிருஷ்ணா, கருணாசாகர், அருணாசலம் ஆகியோர் கொடைக்கானலில் மரங்களிலிருந்து கல்பாசி வகையையும் ‘மாஸ்’ என்கிற பச்சைப் பாசியையும் எடுத்துப் பாதரசத்தை அளந்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. ஆலைக்கு அருகில் எடுத்ததற்கும் தூரத்தில் எடுத்ததற்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆலைக்கு வெளியே காற்றில் கனமீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. மாசுபடாத இடங்களின் காற்றில் 0.5 முதல் 10 நானோகிராம் வரைதான் இருக்கும். 1.32 மைக்ரோகிராம் என்றால் 1,320 நானோகிராம். நல்ல காற்றின் உச்ச அளவோடு ஒப்பிட்டாலும் 130 மடங்குக்கு மேல்.

இதே குழு ஏரிகளையும் அளந்து 2006-ல் எழுதியது. கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம். வண்டலில் கிலோவுக்கு 276 முதல் 350 மைக்ரோகிராம். பேரிஜம் ஏரி வண்டலில் 189 முதல் 226. இன்னும் தள்ளியிருக்கும் கூக்கல் ஏரியில் 85 முதல் 91. தள்ளிப்போகப் போகக் குறைகிறது பாருங்கள்.

நானோகிராம் என்றால் என்ன என்று வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி உங்களுக்குத் தெரியும். 250 லாரி வரிசையாக நிற்கிறது; அத்தனை தண்ணீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் பாதரசம். அதுதான் லிட்டருக்கு 400 நானோகிராம், கொடைக்கானல் ஏரியின் அளவு. காய்ச்சலுக்கு நாம் நாக்கடியில் வைத்த பழைய தெர்மாமீட்டர் ஒன்றிலேயே அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை பாதரசம் உண்டு.

இந்திய குடிநீர்த் தர அளவின்படி ஒரு லிட்டரில் 1 மைக்ரோகிராம், அதாவது 1,000 நானோகிராம் வரை பாதரசம் இருக்கலாம். அப்படியானால் கொடைக்கானல் ஏரி “பாஸ்”. சட்டத்தின் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஏரிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது மீனின் சதையில் ஏறும். ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் இருந்தது. தண்ணீரில் இருந்ததைப் போலப் பல நூறு மடங்கு. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் நோயாக வெளிப்பட்டது இதே மெத்தில் பாதரசம்தான். மீன் அளவும் நம் நாட்டு வரம்பான கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழேதான். கோட்டை மட்டும் பார்க்கிறவர் கோப்பை மூடியிருப்பார். பேரிஜத்தையும் கூக்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இது எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிந்தது. நான் “எதோடு ஒப்பிட்டு” என்று கேட்பது இதனால்தான்.

அதன் பிறகு நடந்தவை நீளம். 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இனி, அந்த ஒளி எப்படிப் படிக்கிறது என்பது.

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்திருக்கிறது அல்லவா? நீலமாக எரிந்த கேஸ் சட்டென்று மஞ்சளாகத் தாவும். அது உப்பிலிருக்கும் சோடியம். ஒரு சிட்டிகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலும் மஞ்சள் வந்துவிடும். சிவகாசி மத்தாப்பில் பச்சை வருவது பேரியத்தால், சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று சில நிறங்கள் உண்டு. ஒன்றின் நிறம் மற்றொன்றுக்கு வராது. ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் சுடரின் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்த்து இதை ஒரு சோதனை முறையாக்கினார்கள். 1860-ல் டூர்க்கைம் என்ற ஊரின் ஊற்றுநீரைச் சுடரில் காட்டியபோது அதுவரை யாரும் பார்க்காத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. அந்த நிறத்தாலேயே அதற்கு சீசியம் என்று பெயர் வைத்தார்கள். கையில் பிடிக்கிற அளவுக்கு எடுக்க 40 டன் ஊற்றுநீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. அந்த ஊருக்கும் ஜனங்கள் குளிக்கத்தான் போவார்கள். குளிக்கிற தண்ணீரிலிருந்து ஒரு தனிமமே கிடைத்தது என்பதை நான் குற்றாலத்துப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதில்லை.

இதில் இன்னொரு பாதி உண்டு. எந்த நிறத்தை ஓர் அணு சூடானால் வெளியே விடுமோ, அதே நிறத்தைச் சூடில்லாதபோது உள்ளே வாங்கிக்கொள்ளும். கூட்டத்தில் ஆயிரம் பேர் நிற்கும்போது ‘முருகேசா’ என்று கூப்பிட்டால் முருகேசன் மட்டும் திரும்புவான் இல்லையா, அப்படி. பாதரச அணுவைக் கூப்பிடும் பெயர் 253.7 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அந்த ஒளியை ஓர் ஒளிர்திரையில் விழவைத்து நடுவே பாதரசம் உள்ள புட்டியைத் திறந்து வைத்தால், ஒன்றுமே இல்லாத வெற்றுக் காற்றிலிருந்து திரையில் புகை மாதிரி நிழல் எழும். விளக்கை மாற்றினால் நிழல் மறைந்துவிடும். முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் புகை எத்தனை பள்ளிக்கூட ஆய்வகங்களில், எத்தனை ஆஸ்பத்திரி அறைகளில் எழுந்திருக்கும் என்ற நினைப்பு.

ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவர் 1952-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இதை வைத்து அளக்கலாமே என்று தோன்றியதாம். 1955-ல் முறையை வெளியிட்டார். ஈயத்தை அளக்க ஈயத்தாலேயே செய்த விளக்கு. செம்பை அளக்கச் செம்பு விளக்கு. விளக்கின் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அந்தத் தனிமம் நடுவில் இருக்கிறது. அணு உட்கவர் நிறமாலை என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள். ஆய்வகத்தில் எங்களுக்கு ஏ.ஏ.எஸ்.

மற்ற உலோகங்களுக்கு நெருப்போ உலையோ வேண்டும். பாதரசத்துக்கு அது வேண்டாம். கல்பாசியை அமிலத்தில் கரைத்து, வெள்ளீயக் குளோரைடு சேர்த்தால் கரைசலில் இருந்த பாதரசம் தனி அணுவாகப் பிரிந்து நிற்கும். அடியிலிருந்து வாயுவைக் குமிழ்விட்டால் குமிழோடு ஏறிவரும். அதைக் குவார்ட்ஸ் குழாய் வழியே ஓட்டி, குறுக்கே அந்த 253.7 ஒளியைச் செலுத்தவேண்டும். திரையில் கோடு சமதளமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு மேடு எழுந்து இறங்கும். அந்த மேடுதான் பாதரசம். குளிர் ஆவி முறை என்று பெயர். கொடைக்கானல் பாசியை ஐதராபாத்தில் படித்தது இதைக்கொண்டுதான்.

கருவியின் கதை இவ்வளவுதான். அளப்பவளின் கதைதான் பெரிது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்னை எந்தக் கருவியையும் தொடவிடவில்லை. பாட்டில் கழுவச் சொன்னார்கள். குழாய்த் தண்ணீர், பிறகு பத்துக்கு ஒன்று நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறல், காலையில் வடிநீரில் மூன்று அலசல், கவிழ்த்து உலர்த்தி மூடி வைத்தல். எனக்கு மூத்த அம்மா ஒருவர் வாசலிலேயே நிறுத்தி நெற்றியைப் பார்ப்பார். “குங்குமத்தைத் துடைச்சிட்டு ஸ்டிக்கர் பொட்டு வச்சுக்கிட்டு வா. முகத்துக்குப் பவுடர் போட்டா உள்ள வராத.” மலிவுக் குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கும். ஒரு துகள் பறந்து குடுவையில் விழுந்தால், யாரோ ஓர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இருப்பதாக நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

எங்கள் பேச்சில் ‘பிளாங்க்’ என்று ஒன்று உண்டு. சுத்தமான வடிநீரை எடுத்து, மாதிரித் தண்ணீருக்குச் செய்கிற அத்தனையையும் அதற்கும் செய்து அளப்பது. அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அது நாம் கொண்டுவந்த அழுக்கு. ஒரு முறை தொடர்ந்து மூன்று நாள் என் பிளாங்கில் துத்தநாகம் வந்தது. அமிலத்தை மாற்றினேன். வடிநீரை மாற்றினேன். குடுவையையெல்லாம் மறுபடி ஊறவைத்தேன். நான்காம் நாள் கையுறையை மாற்றியதும் நின்றுவிட்டது. ரப்பரில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். உறைக்குள் தூவிய தூளும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அந்த மூன்று நாள் அளந்த பதினாறு ஊர்த் தண்ணீரையும் அடித்துவிட்டு மீண்டும் மாதிரி கேட்டு எழுதினேன். அந்த வாரம் திட்டு வாங்கினேன். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் கிளேர் பேட்டர்சன் என்ற அறிஞர் ஈயத்தை வைத்துப் பூமியின் வயதைக் கணக்கிட முயன்றவர். 1956-ல் 455 கோடி ஆண்டு என்று சொன்னார். அதுவே இன்றும் நிற்கிறது. அதற்கு முன் வருஷக்கணக்கில் அவர் பிளாங்க் சுத்தமாக வரவில்லை. தொட்டதிலெல்லாம் ஈயம். சுத்தம் செய்து செய்து கடைசியில் அவர் கண்டது, ஆய்வகம் மட்டுமல்ல, உலகமே பெட்ரோலில் சேர்த்த ஈயத்தால் அழுக்காகியிருக்கிறது என்பது. பிற்காலம் முழுக்க அதற்காகப் போராடினார். நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000-ல்.

ஆற்றில் மாதிரி எடுப்பதும் ஒரு பக்குவம். நீரோட்டத்தை எதிர்த்து நிற்கவேண்டும், நம் காலில் கலங்கியது பின்னால் போகட்டும் என்று. பாட்டிலின் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டி முழங்கை ஆழத்தில் நிரப்பவேண்டும். நிரப்பியதும் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடவேண்டும். இல்லாவிட்டால் உலோகமெல்லாம் பாட்டிலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதரசத்துக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. ஆவி அதன் சுவரையே ஊடுருவும். கண்ணாடிதான்.

உலோகம் சரி, பூச்சிமருந்து? எண்டோசல்ஃபானை அணுவாக உடைத்தால் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குளோரினும் கந்தகமும்தான் மிஞ்சும். எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறவை. அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்கவேண்டும். அதற்கான வழி எங்களுக்குப் பக்கத்தூரில் தொடங்குகிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ராமன் விளைவை 1928-ல் சர் சி.வி. ராமனோடு சேர்ந்து கண்டவர் கே.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். அவர்கள் முதல் கட்டுரையில் அறுபது திரவங்களைச் சோதித்ததாகச் சொன்னார்கள். அந்தத் திரவங்களைத் தூசி இல்லாமல் வடித்து வடித்துச் சுத்தம் செய்திருந்தார்கள். அங்கேயும் பாட்டில் கழுவுவதில்தான் தொடக்கம்.

ஒரு நிற ஒளியை மூலக்கூறின் மேல் விட்டால் ஏறக்குறைய எல்லாம் அதே நிறத்தில் சிதறும். கோடியில் ஒன்று மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறி வரும். அந்த மாறுதல் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை. ஆனால் கோடியில் ஒன்று என்பது மிக மெல்லியது. தண்ணீரில் சிறிதளவு கிடக்கும் மருந்தை அதனால் பார்க்க முடியாமல் இருந்தது. 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் ஃப்ளீஷ்மன் குழுவினர் சொரசொரப்பான வெள்ளியின் மேல் பிரிடின் என்ற பொருளை வைத்துப் பார்த்தபோது சமிக்ஞை எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக வந்தது. வெள்ளி, தங்கம் இவற்றின் நுண் மேடுபள்ளங்களில் ஒளி குவிந்து பல லட்சம் மடங்கு பெருகுகிறது என்று பின்னால் விளங்கியது. 1997-ல் ஒற்றை மூலக்கூறையே பார்த்துவிட்டார்கள்.

எண்டோசல்ஃபான் எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் கேரளம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தது அது. பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. அதற்கு முன்பே, 2003-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப்பும் அவர் மாணவர்களும் தங்க நுண்துகளை நீரில் மிதக்கவிட்டு எண்டோசல்ஃபானைச் சேர்த்துப் பார்த்தார்கள். தங்கம் அவ்வளவு நுண்ணியதாக இருக்கும்போது மஞ்சளாக இராது, மாதுளைச் சாறு போல் சிவந்திருக்கும். மருந்து துகள்மேல் ஒட்ட, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சிவப்பு நீலமாகியது.

இப்படிப்பட்ட செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் நான் தேடுவது ஒன்று: வடிநீரில் செய்தார்களா, ஆற்றுத் தண்ணீரில் செய்தார்களா? முதல் சாரலில் அருவி இலைச்சாறு இறங்கித் தேயிலைத் தண்ணீராக வரும். அந்த இலைச்சாறே வெள்ளியின் மேலெல்லாம் படிந்து மருந்துக்கு இடம் விடாது. வடிநீரில் கிடைத்த வெற்றியை எங்கள் ஊர்ச் சிற்றாறு வரை கொண்டுவர நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

அருவிக்கு வருகிறேன். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ‘ஒரு பாக்கெட்டில் என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களுக்காக நான் பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை செய்துகாட்டுவேன். ஒரு குடம் நல்ல தண்ணீர். அதில் ஒரே ஒரு துளி ஷாம்பு. கலக்கினால் நுரை வராது, கண்ணுக்குத் தெரியாது, கையில் வழுவழுப்பும் இராது. அதில் ஒரு டம்ளர் எடுத்துப் பிரிபுனலில் ஊற்றி மெத்திலீன் நீலம் சேர்க்கவேண்டும். பிறகு குளோரோஃபார்ம். குளோரோஃபார்ம் கனம், அடியில் போய் உட்காரும். மெத்திலீன் நீலம் தானாக அதற்குள் இறங்காது. ஷாம்பு மூலக்கூறு கையைப் பிடித்தால்தான் இறங்கும். குலுக்கி நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். அடியில் நிறமில்லாமல் இருந்த படலம் மெல்ல வான நீலமாகும். அந்த நீலத்தை 652 நானோமீட்டர் ஒளியில் வைத்தால் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடும். ஒரு துளி ஷாம்பில் நுரைக்கும் சரக்கு சுமார் 5 மில்லிகிராம். 15 லிட்டர் குடத்தில் அது லிட்டருக்கு 0.3 ஆகிறது. குடிநீருக்கு நல்லது என்று தர அளவு சொல்வது 0.2. குற்றாலத்தில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசி தாண்டி, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. வழியில் அதை நம்பி வயலும் இருக்கிறது, குடமும் இருக்கிறது.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். செண்பகாதேவி அருவிக்கு மேலே கூட்டம் போகாத இடத்தில் ஒன்று, பேரருவிக்குக் கீழே ஒன்று, தென்காசி தாண்டி ஒன்று என்று மூன்று இடத்தில், சீசனுக்கு முன்னும் சீசனிலும் பின்னும் வருஷா வருஷம் தண்ணீரும் வண்டலும் பாசியும் எடுத்து அளந்து, ஊர் பார்க்கிற பலகையில் எழுதவேண்டும். மலை உச்சியில் இன்றைக்கு நல்ல தண்ணீர் இருக்கிறது. அந்த நல்லதை இன்றே எண்ணாக எழுதிவைக்கவேண்டும். கொடைக்கானலில் ஆலை வருவதற்கு முந்தைய எண் யாரிடமும் இல்லை. இருபது வருஷம் கழித்துக் கூக்கல் வரை போய்த் தேடவேண்டியிருந்தது. நாளை நம் மலையில் ஏதோ ஒன்று நடந்து, ‘இங்கே எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று காட்ட நம் கையில் என்ன இருக்கும்?

என்னால் ஆனதைச் செய்கிறேன். காட்டுக்குள் எதையும் தொடுவதில்லை, அது வனத்துறைக்கு உரியது. காற்றில் விழுகிற எங்கள் வீட்டுக் கிளையிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை பாசியைப் பெயர்த்து, அமிலத்தில் ஊறி அலசிய கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். பிளாஸ்டிக் கரண்டியால்தான் பெயர்ப்பேன். பதினோரு புட்டி சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கும் அதைத்தான் செய்தோம். பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. நான் பார்த்ததும் தானாகவே தாவணி நுனியால் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது புட்டி நிரம்பியது.

“இத எப்ப ஆச்சி டெஸ்ட் பண்ணுவோம்?”

“நீ படிச்சு முடி. அதுவரைக்கும் இருக்கும்.”

லேபிளில் தேதி எழுதினாள், மேலகரம் எழுதினாள், மாமரம் என்று எழுதி மூடியைத் தேடினாள். எந்தப் பக்கக் கிளை என்று கேட்டேன். தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கி மரத்தடிக்குப் போய், முறிந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“மேக்க ஆச்சி. மலையப் பாத்த பக்கம்.”

அதையும் எழுதச் சொன்னேன்.